அவை வாக்கெடுப்பும் உறுப்பினர் சுதந்திரமும்

சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள் அவையில் அளித்த வாக்குகளைத் தொகுத்து, கட்சி சொன்னபடி நடந்தவர் யார், சொந்த முடிவில் நின்றவர் யார் என்று கணிக்கும் முறை 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வேரூன்றியது. இந்தியாவில் கொறடா உத்தரவும் கட்சித் தாவல் தடைச் சட்டமும் குரல் வாக்கெடுப்பும் சேர்ந்து இந்தக் கணிப்பைக் கடினமாக்கிவிட்டன. அதன் பயனையும் எல்லையையும் தமிழ்நாட்டில் ஒருங்கே காட்டிய நிகழ்வு 2017 பிப்ரவரி 18 அன்று நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பு. அதற்கு முந்தைய நாட்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையிலுள்ள கூவத்தூரில் கழிந்தன. அதன் பின்விளைவு கேளம்பாக்கம் அடங்கிய திருப்போரூர்த் தொகுதியை ஓர் இடைத்தேர்தல் வரை கொண்டுபோனது.

தோற்றம்

உறுப்பினரின் வாக்கைப் பெயரோடு எழுதிவைக்கும் கடமையை அரசியல் சட்டத்திலேயே சேர்த்த நாடு அமெரிக்கா. 1787இல் எழுதப்பட்ட அதன் அரசியல் சட்டப்படி, அவைக்கு வந்திருப்போரில் ஐந்தில் ஒரு பங்கினர் கேட்டால் ஆதரவும் எதிர்ப்பும் பெயர்வாரியாகக் குறிப்பேட்டில் ஏற வேண்டும். பிரிட்டனின் மக்களவை 1836இல்தான் யார் எப்பக்கம் வாக்களித்தார் என்ற பட்டியலை அதிகாரபூர்வமாக வெளியிடத் தொடங்கியது.

இந்தப் பட்டியல்களுக்குப் பின்னால் பழைய வாதம் ஒன்று இருந்தது. 1774இல் பிரிஸ்டல் நகர வாக்காளர்களிடம் பேசிய எட்மண்ட் பர்க், உறுப்பினர் தொகுதியின் ஏவலாள் இல்லை, தன் அறிவுக்கும் மனசாட்சிக்கும் கடமைப்பட்டவர் என்று வாதிட்டார். அடுத்த நூற்றாண்டில் கட்சிகள் வலுத்தபோது கேள்வி இடம் மாறியது. தொகுதிக்கும் மனசாட்சிக்கும் நடுவில் கட்சி வந்து உட்கார்ந்தது. உறுப்பினர் யாருக்குக் கட்டுப்பட்டார் என்பதை அறிய வாக்குப் பட்டியலே ஆதாரமாயிற்று.

அளவைகள்

இந்தப் பட்டியல்களை எண்ணிக்கையாக மாற்றிய முன்னோடிகளில் ஒருவர் பின்னாளில் ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவரான ஏ. லாரன்ஸ் லோவெல். ஒரு கட்சியில் வாக்களித்தவர்களில் 90 விழுக்காட்டினர் ஒரே பக்கம் நின்றால் அதைக் கட்சி வாக்கு என்று கொள்ளலாம் என அவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரையறுத்தார். 1920களில் ஸ்டூவர்ட் ரைஸ் இன்னும் எளிய அளவை ஒன்றைத் தந்தார். கட்சியின் ஆதரவு விழுக்காட்டுக்கும் எதிர்ப்பு விழுக்காட்டுக்கும் உள்ள வித்தியாசமே ஒற்றுமைக் குறியீடு. சரிபாதியாகப் பிளந்தால் 0, ஒருவர்கூட விலகாமல் நின்றால் 100.

பிறகு இந்தக் கணக்கு பத்திரிகைகளின் கைக்கும் இயக்கங்களின் கைக்கும் போனது. 1945இல் தொடங்கிய காங்கிரஷனல் குவார்ட்டர்லி, கட்சியோடு ஒவ்வோர் உறுப்பினரும் எத்தனை விழுக்காடு ஒத்துப்போனார் என்று வெளியிட்டது. கொள்கை அமைப்புகள் தமக்கு முக்கியமான சில வாக்கெடுப்புகளைப் பொறுக்கி எடுத்து உறுப்பினர்களுக்கு மதிப்பெண் போட்டன. 1980களில் கீத் பூல், ஹோவர்டு ரோசந்தால் இருவரும் யார் யாரோடு சேர்ந்து வாக்களிக்கிறார் என்பதை மட்டும் வைத்து உறுப்பினர்களை இடமிருந்து வலமாக ஒரு கோட்டில் அமர்த்தும் கணினி முறையை உருவாக்கினர். 1789 முதலான அமெரிக்க நாடாளுமன்ற வாக்குகள் முழுவதும் அதற்குள் அடங்கின.

இந்த அளவைகள் எல்லாவற்றுக்கும் மூன்று அடிப்படைகள் தேவை: பெயர்வாரிப் பதிவு இருக்க வேண்டும், அது அடிக்கடி நடக்க வேண்டும், கட்சியை மீறினாலும் பதவி தப்ப வேண்டும். தமிழ்நாட்டில் இம்மூன்றும் ஒருசேர அமைந்த காலம் மிகக் குறைவு.

சென்னை மாகாணத்தில்

இந்தியச் சட்டசபைகளில் முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது சென்னையில். 1923ஆம் ஆண்டுத் தேர்தல் முடிந்து அவை கூடியதும் பனகல் அரசரின் நீதிக்கட்சி அமைச்சரவை மீது சி.ஆர். ரெட்டி அதைக் கொண்டுவந்தார், தீர்மானம் தோற்றது. அன்றைய அவையில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களோடு நியமன உறுப்பினர்களும் அரசு அதிகாரிகளும் வாக்களித்தனர். கட்சிக் கட்டுப்பாடு தளர்ந்தே இருந்தது.

குடியரசுக் காலத்தின் முதல் சட்டமன்றம் வாக்குப் பதிவை ஆராய்வோருக்கு நல்ல களம். 1952 தேர்தலில் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152. ஆனாலும் அந்த ஆண்டு ஜூலை 3 அன்று முதல்வர் ராஜாஜி 200க்கு 151 என்ற கணக்கில் பெரும்பான்மையை நிரூபித்தார். இடைவெளியை நிரப்பியவர்கள் சிறு கட்சியினரும் சுயேச்சைகளும். வட ஆற்காட்டிலும் செங்கல்பட்டிலும் செல்வாக்குப் பெற்றிருந்த காமன்வீல் கட்சியின் தலைவர் மாணிக்கவேலு நாயக்கர் அமைச்சரானார். கட்சி தாவினால் பதவி போகும் என்ற சட்டம் அப்போது இல்லை. ஆதரவு யார் பக்கம் என்பதைத் தொகுதிக் கணக்கும் பதவிக் கணக்கும் தீர்மானித்தன.

அந்த அவையின் மிக நெருக்கமான வாக்கெடுப்பு 1953 ஜூலை 29 அன்று நடந்தது. எதிர்ப்பாளர்கள் குலக்கல்வி என்று அழைத்த ராஜாஜியின் தொடக்கக் கல்வித் திட்டத்தைக் கைவிடக் கோரும் தீர்மானத்துக்கு ஆதரவாக 138 வாக்குகளும் எதிராக 138 வாக்குகளும் விழுந்தன. பேரவைத் தலைவர் ஜே. சிவசண்முகம் பிள்ளை தமது தீர்ப்பு வாக்கை அரசின் பக்கம் போட, தீர்மானம் தோற்றது. அதே நாளில், திட்டத்தை நிறுத்திவைத்து வல்லுநர் குழுவின் ஆய்வுக்கு அனுப்பக் கோரி எதிர்க்கட்சி உறுப்பினர் கே.ஆர். விஸ்வநாதம் கொண்டுவந்த தீர்மானம் 139க்கு 137 என்று வென்றது. ஒரே நாளில் ஓரிரு வாக்குகள் நகர்ந்ததால் மாநிலத்தின் கல்விக் கொள்கை மீதான அவையின் முடிவு மாறியது. ஒவ்வொரு வாக்கும் தனியாகக் கணக்கில் வந்த அவை அது.

ஆனால் 1954இல் ராஜாஜி பதவி விலகியதற்கு அவையின் வாக்கு மட்டும் காரணம் இல்லை. காங்கிரஸ் சட்டமன்றக் கட்சிக்குள்ளேயே எதிர்ப்பு முற்றியிருந்தது. அந்த ஆண்டு மார்ச் இறுதியில் புதிய தலைவரைத் தேர்ந்தெடுக்கக் கூடிய கட்சிக் கூட்டத்தில் காமராசர் 93 வாக்குகளும் சி. சுப்பிரமணியம் 41 வாக்குகளும் பெற்றனர். அவையில் கட்சியோடு சேர்ந்து கை தூக்குபவர் கட்சி அறைக்குள் வேறு மாதிரி வாக்களிக்கலாம். அவைப் பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு இந்த இரண்டாவது வாக்கு தெரியாது.

கொறடாவும் பத்தாவது அட்டவணையும்

1967 தேர்தலுக்குப் பிறகு வட மாநிலங்களில் கட்சி தாவல் பெருகியது. ஹரியானாவில் கயா லால் என்ற உறுப்பினர் இரண்டே வாரத்தில் மூன்று முறை கட்சி மாறினார். ஒய்.பி. சவாண் தலைமையிலான குழு இதை ஆராய்ந்தது. 1985இல் 52ஆவது அரசியல் சட்டத் திருத்தம் பத்தாவது அட்டவணையைச் சேர்த்தது.

அதன்படி உறுப்பினர் இரண்டு வழிகளில் பதவி இழக்கலாம். தானாகக் கட்சி உறுப்பினர் பொறுப்பை விட்டுவிடுவது ஒன்று. கட்சியின் உத்தரவுக்கு மாறாக வாக்களிப்பதோ வாக்களிக்காமல் இருப்பதோ மற்றொன்று. கட்சி 15 நாட்களுக்குள் மன்னித்துவிட்டால் தகுதி நீக்கம் இல்லை. தீர்ப்பளிக்கும் அதிகாரம் பேரவைத் தலைவரிடம் இருக்கிறது. மூன்றில் ஒரு பங்கினர் சேர்ந்து பிரிந்தால் தப்பிக்கலாம் என்றிருந்த வழியை 2003ஆம் ஆண்டின் 91ஆவது திருத்தம் அடைத்தது.

இந்தச் சட்டம் செல்லும் என்று 1992இல் கிஹோட்டோ ஹொல்லோஹான் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் பதவியைப் பறிக்கக்கூடிய உத்தரவு, ஆட்சியின் ஆயுளைத் தீர்மானிக்கும் வாக்கெடுப்புக்கோ கட்சியின் அடிப்படைக் கொள்கைக்கோ மட்டுமே பொருந்த வேண்டும் என்றும் சொன்னது. அதற்கு இரண்டாண்டு முன்பே தினேஷ் கோஸ்வாமி குழுவும் நம்பிக்கை வாக்கெடுப்போடு இதை நிறுத்திக்கொள்ளச் சொல்லியிருந்தது. நடைமுறையில் சாதாரண மசோதாவுக்கும் கொறடா உத்தரவு பறக்கிறது. அதனால் இந்தியாவில் ரைஸ் குறியீடு பெரும்பாலும் 100ஐ ஒட்டியே நிற்கும். அந்த எண், ஒன்றுபட்ட கருத்தையும் பதவி பறிபோகும் அச்சத்தையும் பிரித்துக் காட்டாது.

கூவத்தூரும் 122 வாக்குகளும்

ஜெயலலிதா 2016 டிசம்பர் 5 அன்று இறந்தபின் முதல்வரான ஓ. பன்னீர்செல்வம் 2017 பிப்ரவரி 5 அன்று பதவி விலகினார். இரண்டு நாளில் கட்சித் தலைமையை ஏற்றிருந்த சசிகலாவுக்கு எதிராகக் கொடி தூக்கினார். அதிமுக உறுப்பினர்களில் பெரும்பாலோர் கல்பாக்கம் தாண்டிக் கூவத்தூரில் கடலோரமுள்ள ஒரு சொகுசு விடுதிக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். பழைய மகாபலிபுரம் சாலையிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் வசிப்பவர்கள் தங்கள் பகுதி உறுப்பினரைத் தொலைக்காட்சியில்தான் தேட வேண்டியிருந்தது. பிப்ரவரி 14 அன்று சொத்துக் குவிப்பு வழக்கில் சசிகலாவின் தண்டனையை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 16 அன்று எடப்பாடி கே. பழனிசாமி முதல்வராகப் பதவியேற்றார்.

18 அன்று அவை கூடியதும் ரகசிய வாக்கெடுப்பு வேண்டும் என்று எதிர்க்கட்சித் தலைவர் மு.க. ஸ்டாலினும் பன்னீர்செல்வம் தரப்பும் கேட்டனர். பேரவைத் தலைவர் ப. தனபால் மறுத்தார். அமளி, ஒத்திவைப்பு, திமுக உறுப்பினர்கள் வெளியேற்றம், காங்கிரஸ், முஸ்லிம் லீக் வெளிநடப்பு என்று பகல் கழிந்தது. பின்னர் அவை ஆறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பகுதியிலும் ஆதரிப்போரையும் எதிர்ப்போரையும் எழுந்து நிற்கச் சொல்லி எண்ணினார்கள். ஆதரவு 122, எதிர்ப்பு 11.

மேலே சொன்ன அளவைகளை இந்த எண்ணுக்குப் பொருத்திப் பார்க்கலாம். வாக்களித்த 133 பேரும் அதிமுகவின் இரட்டை இலைச் சின்னத்தில் வென்றவர்கள். 122 என்பது 133இல் 91.7 விழுக்காடு. லோவெலின் 90 விழுக்காட்டுக் கோட்டை இது தாண்டுகிறது. ரைஸ் குறியீடு 83 வருகிறது. இரண்டாக உடைந்து, சில வாரங்களில் சின்னமே முடக்கப்படவிருந்த ஒரு கட்சிக்கு இந்தக் கணக்கு ஒற்றுமைச் சான்றிதழ் தருகிறது. திமுகவின் 89 பேர், காங்கிரசின் 8 பேர், முஸ்லிம் லீகின் ஒருவர் என மீதி 98 பேரின் நிலைப்பாடு எண்ணிக்கையில் ஏறவே இல்லை. கூவத்தூரிலிருந்து வெளியேறி, வாக்கெடுப்பில் கலந்துகொள்ளாத கோவை வடக்கு உறுப்பினர் பி.ஆர்.ஜி. அருண்குமாரும் பட்டியலில் இல்லை. கடைசி நேரத்தில் பன்னீர்செல்வம் பக்கம் வந்த மயிலாப்பூர் உறுப்பினர் ஆர். நட்ராஜும், முதல் நாளிலிருந்து அங்கே இருந்தவர்களும் பட்டியலில் ஒரே எடை பெறுகிறார்கள்.

வெளிப்படையான வாக்கெடுப்பில் வாக்காளர் தன் உறுப்பினரைக் கண்காணிக்கலாம். அதே நேரத்தில் கட்சித் தலைமையும் கண்காணிக்கிறது. ரகசிய வாக்கெடுப்பில் கட்சியின் பிடி தளரும். ஆனால் தொகுதிக்குக் கணக்குக் காட்ட யாரும் இருக்க மாட்டார்கள். 2017இல் இரு தரப்பும் இந்த இரண்டு வாதங்களில் தமக்கு ஏற்றதைக் கையிலெடுத்தன.

திருப்போரூர்: எதிர்த்து வாக்களிக்காமலே பதவி இழந்தவர்

அந்த ஆகஸ்டில் பழனிசாமி, பன்னீர்செல்வம் அணிகள் இணைந்தன. பன்னீர்செல்வம் துணை முதல்வரானார். சசிகலா தரப்பின் டி.டி.வி. தினகரனை ஆதரித்த 19 உறுப்பினர்கள் மறுநாள், ஆகஸ்ட் 22 அன்று, ஆளுநர் வித்யாசாகர் ராவைச் சந்தித்து முதல்வர் மீது நம்பிக்கை இல்லை என்று கடிதம் கொடுத்தனர். அரசுக் கொறடா எஸ். ராஜேந்திரன் புகார் அளித்தார். கம்பம் உறுப்பினர் ஜக்கையன் திரும்பி வந்துவிட, மற்ற 18 பேரைச் செப்டம்பர் 18 அன்று பேரவைத் தலைவர் தகுதி நீக்கம் செய்தார். அந்தப் பதினெட்டில் திருப்போரூர் உறுப்பினர் மு. கோதண்டபாணியும் ஒருவர்.

இந்தப் 18 பேரும் பிப்ரவரி 18 அன்று அரசுக்கு எதிராக நின்றவர்கள் இல்லை. அவர்களின் அவைப் பதிவு கட்சி விசுவாசத்தில் குறையற்றது. பதவி போனதற்குக் காரணம் ஆளுநரிடம் கொடுத்த கடிதம். கட்சியை அவர்கள் தாமாகவே விட்டுவிட்டதாகப் பேரவைத் தலைவர் அதைப் பொருள்கொண்டார். மறுபுறம், அவையிலேயே எழுந்து நின்று அரசை எதிர்த்த 11 பேரும் பதவியில் தொடர்ந்தனர். அவர்களைத் தகுதி நீக்கம் செய்யக் கோரி திமுக தொடுத்த வழக்கை 2018 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் முடிவைப் பேரவைத் தலைவரிடமே விட்டது. 2021இல் அவையின் காலம் முடியும்வரை அந்த 11 பேருக்கும் ஒன்றும் நேரவில்லை.

18 பேர் வழக்கில் 2018 ஜூன் 14 அன்று தலைமை நீதிபதி இந்திரா பானர்ஜி தகுதி நீக்கம் செல்லும் என்றார், நீதிபதி எம். சுந்தர் செல்லாது என்றார். மூன்றாவது நீதிபதி எம். சத்தியநாராயணன் அக்டோபர் 25 அன்று செல்லும் என்று முடித்துவைத்தார். ஒன்றரை ஆண்டுக்கு மேல் உறுப்பினர் இல்லாமல் இருந்த திருப்போரூரில் 2019 ஏப்ரல் 18 அன்று, மக்களவைத் தேர்தலோடு சேர்த்து இடைத்தேர்தல் நடந்தது. திமுகவின் இதயவர்மன் வென்றார். 2021இல் திமுக கூட்டணியில் விடுதலைச் சிறுத்தைகள் கட்சியின் எஸ்.எஸ். பாலாஜி பானைச் சின்னத்தில் நின்று இரண்டாயிரத்துக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் வென்றார். ஐந்தாண்டுக்குள் இத்தொகுதி மூன்று கட்சிகளின் கொறடாக்களுக்குக் கட்டுப்பட்ட மூன்று உறுப்பினர்களைக் கண்டது.

டெல்லியில் தமிழ்நாட்டு வாக்குகள்

மக்களவையில் 1957 முதல் மின் வாக்குப்பதிவுக் கருவி இருக்கிறது. எண்ணிக் கணிக்கும் வாக்கெடுப்பு நடந்தால் பெயர்கள் நடவடிக்கைக் குறிப்பில் அச்சாகும். 1999 ஏப்ரல் 17 அன்று, அதிமுக ஆதரவை விலக்கியபின் நடந்த வாக்கெடுப்பில் வாஜ்பாய் அரசு 269க்கு 270 என்று ஒரு வாக்கில் தோற்றது. அதிமுக எதிர்த்தது, அதுவரை எதிரணியில் இருந்த திமுக ஆதரித்தது. தேசிய மாநாட்டுக் கட்சியின் உத்தரவை மீறி எதிர்த்து வாக்களித்த சைபுதீன் சோஸ் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார்.

2019 டிசம்பர் 11 அன்று மாநிலங்களவையில் குடியுரிமைத் திருத்த மசோதா 125க்கு 105 என்று நிறைவேறியது. அதிமுகவின் 11 பேரும் பாமகவின் ஒருவரும் எதிர்த்திருந்தால் மசோதா தோற்றிருக்கும் என்று திமுக பின்னர் வாதிட்டது. கூட்டிக் கழித்தால் 113க்கு 117 வரும். வாக்குப் பதிவு தமிழ்நாட்டுத் தேர்தல் மேடையில் நேரடி ஆயுதமான சந்தர்ப்பம் இது.

பதிவே இல்லாமல் போன சந்தர்ப்பமும் உண்டு. 2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் வேளாண் மசோதாக்களைத் தெரிவுக் குழுவுக்கு அனுப்பக் கோரித் திருத்தம் கொடுத்தவர்களில் திமுகவின் திருச்சி சிவா ஒருவர். எதிர்க்கட்சியினர் எண்ணிக் கணிக்கக் கோரினர். அமளிக்கிடையே குரல் வாக்கெடுப்பில் மசோதாக்கள் நிறைவேறின. அதிமுகவின் எஸ்.ஆர். பாலசுப்பிரமணியன் அன்று மசோதாக்களைக் குறைகூறிப் பேசினார். அவருடைய கட்சி ஆதரித்தது. பேச்சு ஒரு பக்கமும் வாக்கு மறுபக்கமும் போனதை எந்தக் குறியீட்டாலும் சொல்ல முடியாது.

பிற நாடுகளில்

பிரிட்டனில் மரண தண்டனை ஒழிப்பு போன்றவற்றில் கட்சிகள் உத்தரவிடாமல் உறுப்பினரின் விருப்பத்துக்கு விடும் வழக்கம் உண்டு. மற்ற வாக்குகளில் கட்சியை மீறினாலும் உறுப்பினர் பதவி போகாது. அதனால் அங்கே மீறல்களை எண்ணுவது பொருளுள்ள ஆய்வாக இருக்கிறது. சிங்கப்பூரில் 2022இல் தன்பால் உறவைக் குற்றமாக்கிய 377ஏ பிரிவை நீக்கும் வாக்கெடுப்பில் ஆளும் மக்கள் செயல் கட்சி கொறடாக் கட்டுப்பாட்டைத் தளர்த்தவில்லை. எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சி தளர்த்தியது. அதே ஆண்டு மலேசியா கட்சித் தாவலைத் தடைசெய்தபோது, உத்தரவை மீறி வாக்களிப்பதைப் பதவி இழப்புக்குக் காரணமாகச் சேர்க்கவில்லை. இந்தியாவிலும் கொறடா உத்தரவை ஆட்சியைக் காக்கும் வாக்குகளோடு நிறுத்தக் கோரும் தனிநபர் மசோதாவை மணீஷ் திவாரி ஒன்றுக்கு மேற்பட்ட முறை கொண்டுவந்திருக்கிறார்.

மதிப்பீடு

தமிழ்நாடு சட்டமன்றத்தில் பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுகின்றன. ‘ஆம்’, ‘இல்லை’ என்ற ஒலிகளில் எது மிகுதி என்று பேரவைத் தலைவர் அறிவிப்பதோடு முடிகிறது. எதிர்க்கட்சியின் எதிர்ப்பு வாக்காக வராமல் வெளிநடப்பாக வருகிறது. 2022 பிப்ரவரி 8 அன்று நீட் விலக்கு மசோதா இரண்டாம் முறை நிறைவேறியபோது பாஜக உறுப்பினர்கள் வெளிநடப்புச் செய்தனர்; அவையில் இருந்தவர்கள் ஒருமனதாக நிறைவேற்றினர். வருகை, கேள்வி, விவாதம், தனிநபர் மசோதா ஆகியவை இங்கே வாக்கைவிட அதிகம் சொல்கின்றன. திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதாவை 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவை ஏற்றது. தனிநபர் முயற்சி கொறடாவுக்கு வெளியே எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அது சான்று.

ஆகவே கட்சியை மீறிய வாக்கைச் சுதந்திரம் என்றும், மீறாத வாக்கை அடிமைத்தனம் என்றும் எடுத்துக்கொள்ளும் கணிப்பு இந்த மாநிலத்துக்குப் பொருந்தாது. 2017இல் மீறிய 11 பேரும் ஆறு மாதத்தில் எதிர்த்த அரசோடு கைகோத்தனர். மீறாத 18 பேர் பதவி இழந்தனர். முதலில் வர வேண்டிய சீர்திருத்தங்கள் இரண்டு: எல்லா மசோதாவுக்கும் பெயர்வாரி வாக்குப் பதிவு, ஆட்சியின் ஆயுளைத் தொடாத வாக்குகளில் கொறடா உத்தரவுக்குத் தடை. இவை வரும்வரை, கேளம்பாக்கத்து வாக்காளர் தன் சட்டமன்ற உறுப்பினரின் வாக்குகளைப் பட்டியலாகப் பார்த்து அவரை எடைபோட வழியில்லை.